பெட்டியும் சாவியும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியமும் சமயமும் இசையும் பேசப்படுவது வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினர் எம்மை அழைத்து, கம்ப்யூட்டர் பற்றி ஏதேனும் பேசுமாறு பணித்தனர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குட்ஸ் ஆபீசில் காலங்கழிக்கும் ஒரு குமாஸ்தாவுக்கு இது தகுமோ என்று நீங்கள் ஐயுறலாம். ஆயினும் யாம் பேசப் புகும் பொருள் குட்ஸ் ஆபீசுக்கு நெடுந்தொலைவில் உள்ளதன்று. அதன் பெயரே துறைமுகத்திலிருந்து வந்தது. 'டாக்கர்' என்றால் கப்பல் துறையில் மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளி. நம் காலனித் தாய்மார்களுள் ஒருவர், "என் மகன் டாக்கரில் வேலை செய்கிறான்" என்று சொல்ல, கேட்டவர் அதை 'டாக்டர்' என்று கொண்டு, தம் முழங்கால் வலிக்கு மருந்து கேட்டாராம். அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதும் இப்பேச்சின் நோக்கங்களுள் ஒன்று.

முதலில் நாம் அறிந்த கண்டெய்னரிலிருந்து தொடங்குவோம். மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்க லாரி முதலாளி, 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பலில் 58 பெட்டிகளை ஏற்றி நூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து ஏற்றிய சரக்கு, அன்று முதல் பெட்டியோடு கப்பலேறியது. நம் ரயில்வே 1966இல் இம்முறையைக் கைக்கொண்டது. 1973இல் கொச்சித் துறைமுகம் உலக அளவைக் கண்டெய்னரைக் கண்டது. 1981இல் பெங்களூரில் உள்நாட்டுக் கிடங்கு திறந்தது. 1988இல் இதற்கெனவே ஒரு கார்ப்பரேஷன் பிறந்தது. இவ்வரலாற்றில் நாம் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்றுதான். பெட்டிக்குள் இருப்பது தேயிலையா, தையல் இயந்திரமா என்று கிரேன் கேட்பதில்லை. பெட்டியின் நான்கு மூலைகளும் உலகெங்கும் ஒரே அளவில் இருப்பதே அதற்குப் போதும்.

கம்ப்யூட்டர்த் துறையிலும் இதே துன்பம் நெடுங்காலம் இருந்து வந்தது. ஒருவர் எழுதிய நிரல் அவருடைய இயந்திரத்தில் செவ்வனே ஓடும். வேறிடத்திற்குக் கொண்டுபோனால் அங்குள்ள துணை நிரல்களின் பதிப்பு மாறுபட்டிருக்கும்; உடனே படுத்துவிடும். "எம்மிடம் ஓடிற்றே!" என்பது அத்தொழிலாளர் வாயில் நாள்தோறும் வரும் சொல். சாலமன் ஹைக்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 2013 மார்ச்சில் அமெரிக்காவின் சாண்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில் 'டாக்கர்' என்பதை உலகுக்கு அறிமுகப்படுத்தினர். நிரலையும் அதற்கு வேண்டிய துணைகள் அனைத்தையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால், பெட்டி போகுமிடமெல்லாம் நிரல் ஓடும் என்பதே அதன் கருத்து. இதற்கு வேண்டிய அடிப்படை வசதிகள் லினக்ஸ் என்னும் இயக்க மென்பொருளில் முன்னரே இருந்தன. ஒரு நிரலுக்கு இவ்வளவுதான் நினைவகம், இவ்வளவுதான் உழைப்பு என்று அளந்து கொடுக்கும் வசதி 2008இல் அதன் கருவில் சேர்ந்துவிட்டது. டாக்கர் அவற்றையெல்லாம் எளிதாக எடுத்தாள வழி செய்தது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். அடைத்து முத்திரையிட்டு வைத்த மூலப்படி ஒன்று. இதனை 'இமேஜ்' என்பர். அதிலிருந்து உயிர்பெற்று ஓடும் கொள்கலம் மற்றொன்று. ஒரே மூலப்படியிலிருந்து ஒன்பது கொள்கலங்களை ஓட்டலாம். ஒன்றில் நேரும் கேடு மற்றொன்றைத் தொடாது. ஆனால் ஒவ்வொரு கொள்கலமும் தனி இயந்திரம் என்று எண்ணிவிடலாகாது. எல்லாப் பெட்டிகளையும் இழுப்பது ஒரே லினக்ஸ் கருவே. இந்தச் செய்தி பின்னர் நமக்கு வேண்டியிருக்கும்.

இனி, எஞ்சின். இது ரயில் எஞ்சின் போன்றதன்று. யார்டு மாஸ்டர் போன்றது. இயந்திரத்துள் இரவும் பகலும் விழித்திருந்து, எந்த மூலப்படியைக் கொணர்வது, எக்கொள்கலத்தை ஓட்டுவது, எதை நிறுத்துவது, எதை அகற்றுவது என்னும் பணிகளையெல்லாம் செய்வது. அதனோடு நேரே பேச இயலாது. ஒரு கவுண்டர் உண்டு; அக்கவுண்டருக்குப் படிவங்கள் உண்டு. அப்படிவங்களின் ஒழுங்கைத்தான் 'ஏ.பி.ஐ.' என்கின்றனர். நாம் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது எம்முறையில் வேண்டுகோள் போகிறதோ, அதே எச்.டி.டி.பி. முறையில்தான் இங்கும் போகிறது. பட்டியல் கேட்க ஒரு வகை, புதிது தொடங்க ஒரு வகை, அழிக்க ஒரு வகை.

குமாஸ்தாவாகிய எமக்கு இவ்விடத்தில் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? கொள்கலம் ஆக்குக என்று படிவம் கொடுத்தால், ஆயிற்று என்பதற்கு 201 என்று விடை வரும். ஆக்கியது தானாக ஓடாது. ஓட்டுக என்று தனிப்படிவம் வேண்டும். ஓடினால் 204. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை மீண்டும் ஓட்டச் சொன்னால் 304. அப்படி ஒன்று இல்லையே என்றால் 404. அதே பெயரில் வேறொன்று இருக்கிறது என்றால் 409. "நாளை வாரும்" என்னும் விடைக்கு எண்ணே கிடையாது. நம் கவுண்டர்களுக்கும் இவ்வொழுங்கு வாய்த்தால் எத்துணை நலமாயிருக்கும்!

இனி இப்பேச்சின் நடுப்பொருளுக்கு வருகிறோம். இப்படிவங்களை ஒவ்வொன்றாகக் கையால் எழுதி அனுப்புவதும், வரும் விடைகளைப் பிரித்துப் படிப்பதும் நிரலர்க்கு வீண் உழைப்பு. ஆகவே பழகிய ஏஜென்ட் ஒருவரைப் போல, நாம் வாயாற் சொல்வதைப் படிவமாக்கி, கவுண்டரில் கொடுத்து, விடையை நம் மொழியில் சொல்லும் ஒரு துணை வேண்டியதாயிற்று. அதுவே 'லைப்ரரி'. புத்தக அலமாரியை நினைக்க வேண்டா. பிறர் எழுதி வைத்த நிரற்பகுதிகளை எடுத்தாளும் தொகுப்புக்கு அத்துறையில் இப்பெயர். டாக்கர் நிறுவனத்தாரே கோ மொழிக்கும் பைத்தான் மொழிக்கும் இத்தகைய லைப்ரரிகளை வெளியிட்டிருக்கின்றனர். யாம் ஒருவாறு பழகியது பைத்தானுக்குரியது. முன்பு 'டாக்கர்-பை' என்றிருந்த அதன் பெயர், 2017இல் வந்த 2.0 பதிப்போடு வெறும் 'டாக்கர்' ஆயிற்று. பழைய நூல்களைப் பார்த்துக் கற்பவர் இப்பெயர் மாற்றத்தை அறியாது தடுமாறுவதுண்டு.

அந்தப் பதிப்பில் இருவகைப் பேச்சு அமைந்தது. ஒன்று, படிவத்துக்குப் படிவம் ஒட்டிய கீழ்நிலைப் பேச்சு. மற்றொன்று, மனிதர் பேசுவது போன்ற மேல்நிலைப் பேச்சு. மேல்நிலையில் 'ரன்' என்று ஒரு சொல் சொன்னால் உள்ளே நடப்பதைக் கேளுங்கள். லைப்ரரி முதலில் கொள்கலம் ஆக்குமாறு கேட்கிறது. மூலப்படி இல்லை என்று எஞ்சின் விடை சொன்னால், அதனைத் தொலைவிலுள்ள கிடங்கிலிருந்து தருவிக்கச் சொல்லி, மீண்டும் ஆக்கச் சொல்கிறது, பிறகு ஓட்டச் சொல்கிறது, முடியும்வரை காத்திருக்கிறது, கொள்கலம் சொன்ன சொற்களையெல்லாம் கேட்டு வாங்குகிறது, நல்லபடி முடிந்ததா, பிழையோடு முடிந்ததா என்று எண்ணைப் பார்க்கிறது, பிழையெனில் நம்மிடம் முறையிடுகிறது. 'டிடாச்' என்று ஒரு சொல் சேர்த்தால் காத்திராமல் கொள்கலத்தின் பிடியை மட்டும் நம் கையில் தந்துவிடுகிறது. ஒரு சொல்லுக்குள் ஆறேழு வேலைகள்!

'ஸ்டாப்' என்னும் சொல்லும் கருதத்தக்கது. எஞ்சின் உடனே கழுத்தைப் பிடித்து நிறுத்துவதில்லை. "கடையைக் கட்டுக" என்று முதலில் ஒரு குறிப்பு அனுப்புகிறது. வழக்கமாகப் பத்து விநாடி பொறுக்கிறது. அதன் பின்னும் அடங்காததைத்தான் வலிந்து நிறுத்துகிறது. கணக்கு எழுதிக்கொண்டிருக்கும் நிரல் ஏட்டை மூடிவைக்க அப்பத்து விநாடி பெரிதும் உதவும். போதாதெனில் கூட்டிக் கேட்கலாம்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறோம். நம் சங்கத்தின் பழைய மலர்கள் ஓர் அலமாரி நிறைய இருந்தன. கறையான் ஒருபுறம், மழைக்கசிவு ஒருபுறம். சென்ற ஆண்டு நம் இளைஞர்கள் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எழுத்தாக மாற்றும் பணியைத் தொடங்கினர். டெசராக்ட் என்னும் எழுத்தறி நிரல் இதற்கு உதவிற்று. அது 2005 முதல் எவரும் விலையின்றி எடுத்தாளக் கிடைப்பது, தமிழும் அறியும். ஆனால் நம் மலர்களுட் பல 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்டவை. துதிக்கை போல் வளைந்த பழைய 'லை'யையும் 'ணை'யையும் கண்டு அந்நிரல் மயங்கியது. ஒரு பயிற்சித் தொகுதி ஒரு மலருக்கு நன்றாக இருந்தது. மற்றொன்று மற்றொரு மலருக்கு. இரண்டையும் சங்கத்தின் ஒற்றைக் கம்ப்யூட்டரில், நம் சந்தாக் கணக்கு நிரலுக்கு ஊறு நேராமல் வைத்தாக வேண்டும்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண் ஒருத்தி, தொழில்முறையாக இதைக் கற்றவள், வழி கண்டாள். இரண்டு தொகுதிகளுக்கும் இரண்டு மூலப்படிகள். பைத்தானில் ஒரு சிறு நிரல். அது ஒவ்வொரு பக்கத்துக்கும் லைப்ரரி வழியாக ஒரு கொள்கலத்தை எழுப்பும். பக்கப் படத்தைப் படிக்க மட்டும் உரிமை தந்து உள்ளே வைக்கும். இவ்வளவு நினைவகத்துக்கு மேல் தின்னாதே என்று வரம்பிடும். வெளியுலக இணைப்பை அறுத்துவிடும். விடையைப் பெற்று ஏட்டில் எழுதி, கொள்கலத்தை அகற்றும். அகற்றுதல் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். முடிந்த கொள்கலம் தானே மறைவதில்லை. இறக்கிய பின்னும் சைடிங்கில் நிற்கும் வாகனைப் போல இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். 'லிஸ்ட்' என்று கேட்டாலோ ஓடுபவை மட்டுமே பட்டியலில் வரும். 'ஆல்' என்றும் சேர்த்துக் கேட்டாலன்றி நின்றவை தெரியா. டெமரேஜ் நோட்டீசு அனுப்ப ஆள் இல்லாத யார்டு அது!

லைப்ரரியும் தனித்து நிற்பதன்று. அது 'ரிக்வெஸ்ட்ஸ்' என்னும் மற்றொரு லைப்ரரியின் தோளில் நிற்கிறது. 2024 மே மாதத்தில் அதன் 2.32.0 பதிப்பு வந்ததும், எஞ்சினின் முகவரி முறை அதற்கு விளங்காமற்போயிற்று. நேற்றுவரை ஓடிய நிரல்கள் இன்று முறையிட்டன. சில நாட்களுக்குள் டாக்கர் லைப்ரரியின் 7.1.0 வந்து அதனைச் சரிசெய்தது. 2025 நவம்பரில் எஞ்சினின் 29ஆம் பதிப்பு வந்தபோது, 1.44க்கு முற்பட்ட ஏ.பி.ஐ. பதிப்பில் பேசுவோர்க்கு எஞ்சின் கதவடைத்தது. மீட்டர் கேஜை அகலப்பாதை ஆக்கும்போது பழைய பெட்டிகளை ஓரங்கட்டிய கதைதான். ஆகவே எந்தப் பதிப்பு எதனோடு பொருந்தும் என்று எழுதி வைத்துக்கொள்ளாமல் இவ்வேலையில் இறங்குதல் கூடாது என்பது எம் துணிபு.

இனிச் சாவி. நம் ஸ்டேஷன்களில் பேனல் பலகை உண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் தம் சாவியைக் கழற்றி எடுத்துக்கொண்டால் அப்பலகையை வேறு யாரும் இயக்க இயலாது. டாக்கர் எஞ்சினின் கவுண்டர் எவ்வளவு வலியது, அதன் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்டால் வியப்பும் அச்சமும் ஒருங்கே தோன்றும். ஒரே இயந்திரத்துள் பேசுவோர்க்கு, 'டாக்கர் டாட் சாக்' என்னும் ஒரு சிறு கோப்பே கவுண்டர். அதனை 'சாக்கெட்' என்பர். அதைத் தொடத்தக்கவர் யாவரும் எஞ்சினை எதுவும் கேட்கலாம். இவர்க்குப் பட்டியல் மட்டும், அவர்க்கு நிறுத்தும் உரிமையும் என்னும் படிநிலை இயல்பாக அங்கே கிடையாது. எல்லாம் உண்டு, அல்லது ஒன்றும் இல்லை. எஞ்சினோ இயந்திரத்தின் முழுத் தலைமை உரிமையோடு ஓடுவது. "இயந்திரத்தின் வேர்க் கோப்புறை முழுவதையும் உள்ளே வைத்து எனக்கு ஒரு கொள்கலம் ஆக்கித் தருக" என்று ஒருவர் கேட்டால் ஆக்கித் தந்துவிடும். அதற்குள் நின்று அவர் இயந்திரத்தின் எந்தக் கோப்பையும் திருத்தலாம். எனவே சாக்கெட்டைக் கொடுத்தவர் இயந்திரத்தையே கொடுத்தவர். 'டாக்கர்' என்னும் பயனர் குழுவில் ஒருவரைச் சேர்ப்பதும் அவ்வளவே.

இந்தச் சாவியை மக்கள் எப்படிக் கைவிடுகின்றனர் தெரியுமா? கொள்கலத்துக்குள்ளேயே ஒரு நிரலை வைத்து, அது பிற கொள்கலங்களைக் கவனிக்க வேண்டுமென்று, சாக்கெட்டை அதற்குள் நுழைத்துவிடுகின்றனர். இது மிகப் பரவிய வழக்கம். 'படிக்க மட்டும்' என்று குறித்துவிட்டோமே என்று சிலர் ஆறுதல் கொள்வர். அக்குறி கோப்பை அழிப்பதைத் தடுக்குமே ஒழிய, கவுண்டரில் படிவம் கொடுப்பதைத் தடுக்காது. பூட்டிய வீட்டின் சாவியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அப்பெட்டியைத் திறந்தே விட்டதற்கு ஒப்பாகும் இது. இன்னும் சிலர் தொலைவிலிருந்து பேச வேண்டி 2375 என்னும் வாயிலைத் திறந்துவிடுவர். அவ்வாயிலில் மறைகுறியும் இல்லை, யார் நீ என்னும் கேள்வியும் இல்லை. சான்றிதழ் காட்டி நுழையும் 2376 வேறு. 2019 அக்டோபரில் 'கிராபாய்டு' என்று பெயரிடப்பட்ட புழு நிரல், இவ்வாறு திறந்து கிடந்த எஞ்சின்களில் புகுந்து, 2000க்கு மேற்பட்ட இயந்திரங்களில் தனக்கென மின்நாணயம் அகழ்ந்தது. பிறர் வீட்டு மின்சாரத்தில் தன் மாவரைத்த கதை!

இத்தகைய தீங்கு நம் காலனி வாசலுக்கே வந்தது. முன்சொன்ன அதே பெண் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், அங்குள்ள இயந்திரம் ஒன்று இரவெல்லாம் காய்ச்சல் கண்டதுபோல் ஓடுவது தெரிய வந்தது. அந்நியக் கொள்கலங்கள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தன. 2375 திறந்திருந்தது. திறந்தது யார்? புதிதாக வந்தவள்தானே கையை வைத்திருப்பாள் என்று மேலுள்ளவர் முடிவு கட்டினர். விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்தது. வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. தாயார் அழுத கண்ணோடு எம் வீட்டுக்கு வந்தார்.

அவள் அழவில்லை. லைப்ரரியைக் கொண்டே கணக்கெடுத்தாள். 'ஆல்' சேர்த்துக் கேட்டு, நின்றுபோன கொள்கலங்களையும் பட்டியலிட்டாள். ஒவ்வொன்றும் எந்த மூலப்படியிலிருந்து, எந்த நாளில், எந்த நொடியில் ஆக்கப்பட்டது என்று எஞ்சின் குறித்து வைத்திருக்கிறது. அகழ்வோர் விட்டுச்சென்ற பழங் கொள்கலங்களை அகற்றுவார் இல்லாததால் அவை அப்படியே கிடந்தன. அவற்றுள் மூத்ததன் பிறந்தநாள், அவள் வேலையிற் சேர்ந்த நாளுக்கு ஏழு வாரம் முந்தியதாயிருந்தது. எஞ்சினின் அமைப்புக் கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட நாளும் அதற்கு முந்தியதே. இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தாள். தன்னைப் பற்றி ஒரு சொல்லும் அதில் சேர்க்கவில்லை. கடிதம் திரும்பப் பெறப்பட்டது. திறந்தவர் யார் என்று எவரும் பின்னர்க் கேட்கவில்லை. ஆபீசுகளின் இயல்பு அது. ரசீதுப் புத்தகத்தில் நாளும் நேரமும் எழுதுவதை அலுப்பென்று கருதும் எம் சக ஊழியர்களுக்கு யாம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறோம்.

அந்நிகழ்ச்சிக்குப் பிறகுதான் நம் சங்கக் கம்ப்யூட்டரையும் திரும்பிப் பார்த்தோம். அதில் மலர்கள் மட்டும் இல்லை. உறுப்பினர் முகவரிகளும், கல்வி உதவிநிதி பெறும் குடும்பங்களின் விவரங்களும் இருக்கின்றன. எந்தக் குடும்பம் எவ்வளவு உதவி பெற்றது என்பது செயற்குழுவில் மூவர் அன்றி வேறெவரும் அறியாதது, அறியவும் கூடாதது. மலர் வேலைக்கு வரும் மாணவர் ஒவ்வொருவருக்கும் சாக்கெட்டைத் திறந்துவிட்டால், அந்த ஏட்டையும் அவர் முன் விரித்து வைத்ததாகும். நம் பிள்ளைகள் நல்லவர்கள், அதில் ஐயமில்லை. ஆனால் ஒருவருடைய கடவுச்சொல் வேறொருவர் கையில் சிக்கினால், வந்தவர் நல்லவரா என்று எஞ்சின் கேட்கப்போவதில்லை.

ஆகவே செயற்குழுவின் இசைவோடு மூன்று மாற்றங்கள் செய்யப்பட்டன. எஞ்சின், தலைமை உரிமையில்லாத சாதாரணப் பயனராக ஓடும் முறைக்கு மாற்றப்பட்டது. 2020 டிசம்பரில் வந்த 20.10 பதிப்பு முதல் இது முழுமை பெற்ற வசதி. உதவிநிதி ஏடு வேறொரு பயனர் கணக்குக்குப் போயிற்று. மாணவர்கள் நேரே சாக்கெட்டைத் தொடாமல், இடையே ஒரு வாயிற்காவல் நிரல் நிற்கிறது. அது பட்டியல் கேட்பதையும், ஓடும் கொள்கலத்தின் பதிவுகளைப் படிப்பதையும் மட்டும் உள்ளே விடும். ஆக்கு, அழி என்னும் படிவங்களைத் திருப்பி அனுப்பிவிடும். ஆக்கும் உரிமை இருவரிடம் மட்டும்; அவ்விருவர் பெயரும் செயற்குழு நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் பொறுப்பாளர் மாறும்போது அந்தப் பெயரும் மாற வேண்டும்.

இன்னும் ஒரு வேண்டுகோள் மட்டும் எஞ்சியிருக்கிறது. மலர்களுள் சில ஆண்டுகளுக்கு உரியவை நம் அலமாரியில் இல்லை. இருப்பனவற்றுள்ளும் சிலவற்றில் நடுப்பக்கங்கள் கிழிந்துவிட்டன. விடுபட்ட ஆண்டுகளின் பட்டியலை மண்டப வாயிலில் ஒட்டியிருக்கிறோம். தங்கள் பெட்டியடியிலோ பரணிலோ பழைய மலர் எதுவும் இருக்குமாயின், ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் சங்க அறைக்குக் கொண்டுவாருங்கள். படமெடுத்துவிட்டு அன்றே திருப்பித் தரப்படும்; ரசீதும் உண்டு, நாளும் நேரமும் குறித்து.